இறக்கைக்கு வைத்த சந்தனம்

வைதேகி பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றபடி காலால் செருப்பைத் தேடினாள். பிரபாகர் குனிந்து செருப்பைத் திருப்பி வைத்தான். பதினாறு வருட இல்லறத்தில் அவன் இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

"என்ன பிரபா, இன்னிக்கு இவ்வளவு மரியாதை?"

"சும்மாதான். கனமா இருக்குமேன்னு."

"கனமா? உள்ள இருக்கறது பதினாறு கிராம் லா."

பதினாறு கிராம் என்பது அவளுடைய கணக்கு. அதற்கு மேல் கொஞ்சம் உண்டு என்பது அவனுக்கு மட்டும் தெரியும். எவ்வளவு என்பதுதான் அவனுக்கும் தெரியாது.

"வைதே..."

"ம்?"

"ஒண்ணுமில்ல. நல்லா பண்ணு."

லிஃப்ட் வந்தது. அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். பாசிர் ரிஸ்ஸில் பத்தாவது மாடியில் இருக்கும் அவர்கள் வீட்டு வாசலில், பிரபாகர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நின்றான்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைதேகி ஆறு வருடமாகத் தட்டான்பூச்சியைப் பார்த்துப் பார்த்து, அதைப் போலவே நான்கு இறக்கை அடித்துப் பறக்கும் ட்ரோன் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். பூமிக்கடியில் ஓடும் கழிவுநீர்ச் சுரங்கத்தில் விரிசல் பார்க்க ஆள் இறங்கினால் விஷவாயு பயம். விசிறி வைத்த ட்ரோன் இறங்கினால் சுவரில் உரசி விசிறி உடைந்துவிடும். மெல்லிய படலத்தில் செய்த இறக்கை என்றால் உரசினாலும் மடங்கி நிமிர்ந்து பறந்துகொண்டே இருக்கும்.

இருக்க வேண்டும். ஆனால் மூன்று வாரமாக அது நாற்பதாவது விநாடியில் உடம்பெல்லாம் நடுங்கித் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது. வேகம் கூடியதும் இறக்கை நுனி படபடவென்று உதறும். பிறகு தரைதான். அவளுடைய மேலாளர் நூருல் அமீன் திங்கட்கிழமை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வியாழக்கிழமை பார்க்க வரும், திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் முன்னால் அது ஐந்து நிமிடம் பறக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், அவளையும் சேர்த்து நான்கு பேர் கொண்ட குழு கலைந்துவிடும்.

இன்று வியாழக்கிழமை. விஜயதசமி.

நேற்று மாலை நடந்ததைத்தான் பிரபாகர் வாசலில் சொல்லாமல் விட்டான். கடைசி முயற்சியாக வைதேகி இறக்கைப் படலத்தைத் தாங்கும் நரம்புகளின் இடத்தை மாற்றிப் புதிதாக நான்கு இறக்கைகள் ஒட்டினாள். சோதனைக் கூடத்தில் ஏர்கான் பழுது. ஈரக்காற்றில் பசை காயாது என்று ட்ரோனைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, படுக்கையறையில் ஏர்கானைப் போட்டு வைத்தாள். "யாரும் தொடக் கூடாது, மூச்சுகூட விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிப்போனாள்.

அப்போதுதான் பிரபாகரின் அக்கா சாமுண்டீஸ்வரி பூவும் பொரியுமாக ஆயுத பூஜைக்கு வந்தாள். பிரபாகர் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வருடா வருடம் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து அடுக்குவது அவன் வழக்கம்.

"உன் ஸ்பேனருக்கெல்லாம் வச்சிட்ட. உன் பொண்டாட்டியோட ஆயுதம் எங்கடா?" என்றாள் அக்கா.

"அதைத் தொடக் கூடாது அக்கா."

"தொட வேணாம். பொட்டு மட்டும் வை. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை மாதிரின்னு நீதானே சொன்ன?"

அக்கா சொன்னது சாக்கு. அவனுக்கே ஆசை இருந்தது. மூன்று வாரமாகச் சாப்பிடாமல் கிடக்கிற மனைவிக்கு அவனால் செய்ய முடிந்தது வேறு என்ன இருக்கிறது? பூனைபோல அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தான். குங்குமம் வைத்தால் பளிச்சென்று தெரியும், வேண்டாம். இறக்கைப் படலம் தேன் நிறம். சந்தனம் வைத்தால் பசை என்றே நினைப்பாள். படலத்தின் நடுவில் வைத்தால் கிழிந்துவிடுமோ என்று பயந்து, முன் ஓரத்துக் கார்பன் குச்சியில், நுனிக்குச் சற்று உள்ளே வைத்தான். நான்கு இறக்கைக்கும் ஒவ்வொரு பொட்டு. அதையும் அடிப்பக்கத்தில் வைத்தான்.

அடிப்பக்கம் என்பதை மட்டும் அக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு பிரபாகர் தேக்காவில் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறைக்குக் கீழே, கூண்டின் கூரைமேல் நின்றிருந்தான். ஐந்தாவது மாடியில் குலுங்குகிறது என்று புகார். கூண்டுக்கு ஈடாக மறுபக்கம் தொங்கும் எதிர் எடையில் யாரோ ஓர் இரும்புக் கட்டையைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஆயிரம் கிலோவுக்கு மேல் இருக்கும் எதிர் எடையில் ஒரு கட்டை குறைந்ததற்கே லிஃப்ட் குலுங்குகிறது. அதைச் சரியாக வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் கை நின்றது.

ஒரு பொட்டு எவ்வளவு எடை இருக்கும்?

பஃப்ளோ ரோட்டில் அக்காவின் பூக்கடைக்கு அவன் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, சாமுண்டீஸ்வரி கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தாள்.

"என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?"

"நேத்து வச்ச அதே சந்தனம் இருக்கா?"

சாமி படத்துக்கு வைத்தது போக மீதி கிண்ணத்தில் இருந்தது. பூ சுற்றும் பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு வெட்டி, அதே விரலால், அதே அளவில் பத்துப் பொட்டு வைத்தான். அக்காவின் மேசை விசிறி முன்னால் பிடித்துக் காய வைத்தான். மாலை வாங்க வந்த ஒரு பெண்மணி, இது என்ன புதுப் பிரார்த்தனை என்று பார்த்துக்கொண்டே போனார்.

"பொட்டு வச்சா நல்லதுதான்டா நடக்கும்."

"அக்கா, அது பதினாறு கிராம். அதுல போய்..."

"நான் சொன்னேன்னு வைதேகிகிட்ட சொல்லிடாத."

பாருங்கள், இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே வியாதி.

காய்ந்த தாளை எடுத்துக்கொண்டு செராங்கூன் ரோட்டில் நகைக்கடை வைத்திருக்கும் ஷாஹித்திடம் போனான். அந்தக் கடை லிஃப்ட்டையும் பிரபாகர்தான் பார்க்கிறான். தீபாவளி விளக்குத் தோரணம் கட்டுகிறவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு ஏணி போட்டிருந்தார்கள்.

"வைரத்துக்கு வச்சிருக்கீங்களே, அந்த தராசு வேணும் பாய்."

ஷாஹித் கண்ணாடி மூடி போட்ட சின்னத் தராசை எடுத்து வைத்தார். முதலில் அதே அளவில் வெறும் தாள். பிறகு பொட்டு வைத்த தாள்.

"பத்துக்கும் சேர்த்து தொண்ணூறு மில்லிகிராம். ஒண்ணு ஒன்பது. இதுக்கா முகம் இப்படி வேர்த்திருக்கு?"

"ஒரு இறக்கையே தொண்ணூறு மில்லிகிராம்தான் பாய்."

ஷாஹித் தராசின் எண்ணை மறுபடி பார்த்தார். பிறகு, "பத்துல ஒரு பங்கு," என்றார். "போன் பண்ணிச் சொல்லிருங்க."

போன் செய்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சோதனை நாளில் எல்லாருடைய கைபேசிகளையும் வாசல் லாக்கரிலேயே வாங்கிவிடுவார்கள் என்று அவள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மணி பன்னிரண்டேகால். இரண்டு மணிக்குப் பறக்க வேண்டும்.

வயிற்றுவலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லி அரை நாள் லீவு எடுத்தான். இயந்திர அறையைப் பூட்டி, சாவியை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு இறங்குவதற்குள் மணி ஒன்று தாண்டிவிட்டது. லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, பூகிஸில் மாறி, அல்ஜுனிட்டில் இறங்கினான். வழியெல்லாம் வாக்கியங்களைக் கட்டிப் பார்த்தான். 'வைதே, கோவப்படாத' என்று ஆரம்பித்தான், சரிவரவில்லை. 'அக்கா சொன்னாங்கன்னு' என்று ஆரம்பித்தான், அது இன்னும் கேவலமாக இருந்தது. கேலாங் ஈஸ்ட்டில் சிவன் கோவிலைத் தாண்டும்போது கும்பிடக்கூட அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. கடவுள் காரியம் என்று செய்துதானே இந்த வினை.

சோதனைக் கூடத்து வாசலில் நூருல் அமீனே நின்றிருந்தார்.

"அட, வாங்க பிரபாகர்! வைதேகி பறக்க விடறத பாக்க வந்தீங்களா?"

"சார், அவகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"இப்பவா? எல்லாரும் உக்காந்தாச்சு. அப்புறம் பேசலாம் லா. பின்னால நில்லுங்க, சத்தம் வேணாம்."

"சார், ரொம்ப முக்கியம்..."

அமீன் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிரபாகரும் பின்னாலேயே போனான். உயரமான கூடம். ஒரு பக்கம் சுரங்கம் போல ஆளுயர வளையங்களை நீளமாக அடுக்கி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் ஐந்து பேர். நடுவில் நரைத்த குட்டை முடியோடு ஒரு சீன அம்மையார். வைதேகி கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

நான்கு இறக்கையும் ஒருசேர விர்ரென்று அடித்தன. ட்ரோன் மேசையை விட்டு எழுந்து வளையத்துக்குள் நுழைந்தது.

பிரபாகர் எண்ணினான். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நாற்பது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தரையில் விழும் சத்தம் கேட்கவில்லை. திறந்தான். ஐம்பது. ஒன்றரை நிமிடம். வளையத்தில் ஒரு தடவை உரசி, மடங்கி, நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி அது போய்க்கொண்டிருந்தது. இறக்கை நுனியில் உதறல் இல்லை, நடுக்கம் இல்லை. ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி.

எல்லாரும் கைதட்டினார்கள். பிரபாகரும் தட்டினான். உள்ளங்கை ஈரமாக இருந்ததால் அவனுடைய தட்டலில் சத்தம் வரவில்லை.

"எதை மாற்றினீர்கள்?" என்று அந்த அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மூன்றாவது நரம்பை நாலு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன்," என்றாள் வைதேகி. "அதனால்தான் நடுக்கம் நின்றது."

"உறுதியாகத் தெரியுமா?"

"உறுதியாக."

நூருல் அமீன் பூரித்துப்போனார். இன்று மாலையே வரைபடத்தை அனுப்பி இதே மாதிரி பன்னிரண்டு ஜோடி இறக்கைகள் செய்யச் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் நிஜச் சுரங்கத்தில் இறக்கிவிடலாம் என்றார். தேநீரும் கறிபஃபும் வந்தன. வைதேகி கூட்டத்தைத் தாண்டிப் பார்த்து, அவனைக் கண்டுபிடித்து, ஓடியே வந்துவிட்டாள்.

"பிரபா! பாத்தியா? பாத்தியா நீ?"

அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! அவள் கை ஐஸாக இருந்தது. அந்த நிமிடம் அவனுக்கு ஒரு பாழாய்ப்போன எண்ணம் வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்திருக்கிறது, இதை ஏன் சொல்ல வேண்டும்?

நம்மில் யாருக்கு வராது அந்த எண்ணம்?

ஆனால் அவன் லிஃப்ட் பார்க்கிறவன். தானாகக் கெட்ட லிஃப்ட்டைக் காட்டிலும் தானாகச் சரியான லிஃப்ட்டைக் கண்டால்தான் அவனுக்கு எப்போதும் பயம். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தடவை, காரணம் தெரியாமல் சரியாகிவிட்ட லிஃப்ட்டை 'ஓகே' என்று எழுதிவிட்டு வந்தான். மறுநாள் காலை ஒரு கர்ப்பிணிப்பெண் இரண்டு மணி நேரம் அதற்குள் மாட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் அவனுக்கு மறக்கவில்லை. சுரங்கத்து ஈரத்தில் சந்தனம் எத்தனை நேரம் நிற்கும்? பொட்டே இல்லாத பன்னிரண்டு ஜோடியும் என்ன ஆகும்? 'உறுதியாக' என்று சொன்னவள் அன்று எங்கே போய் நிற்பாள்?

"வைதே, வெளிய வா."

தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"நேத்து நீ தூங்கினப்புறம் பெட்டிய திறந்தேன். இறக்கைக்கு சந்தனம் வச்சேன்."

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. காதில் விழுந்தது உள்ளே போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எங்க?"

"வைதே, நான் வந்து..."

"எந்த இடத்துல வச்ச?"

"முன் ஓரத்துல. அந்த கருப்பு குச்சியில. நுனிக்கு கொஞ்சம் உள்ள. நாலுலயும். ஒண்ணு ஒன்பது மில்லிகிராம். நகைக்கடையில நிறுத்துப் பாத்தேன்."

வைதேகி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தட்டானுக்கு அங்கதான் இருக்கு," என்றாள் மெதுவாக. "எல்லாத் தட்டானுக்கும் இறக்கை நுனிகிட்ட கறுப்பா ஒரு பொட்டு இருக்கும். மத்த இடத்தை விட அங்க கொஞ்சம் கனம். அடிக்காம சறுக்கிப் பறக்கும்போது அதுதான் இறக்கைய உதறாம பிடிச்சுக்கும். நம்மது சறுக்கப் போறதில்ல, எதுக்கு வீண் எடைன்னு ரெண்டு வருஷம் முன்னால நான்தான் அதை எடுத்தேன்."

"அப்ப உன் நரம்பு?"

"தெரியல. நரம்பால ஒண்ணுமே ஆகாம இருந்திருக்கலாம்."

பிரபாகருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "அப்ப நல்லதுதானே நடந்திருக்கு?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"காலையில பெட்டியத் திறந்து ஒவ்வொரு இறக்கையா பாத்தேன். பொட்டே தெரியலையே."

அவன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அடியில வச்சியா?"

"ம்."

"ஏன்?"

"பாத்தா திட்டுவியோன்னு."

"மேல வச்சிருந்தா பாத்திருப்பேன். உன்னைத் திட்டியிருப்பேன். அவ்வளவுதான். இப்படி அந்த அம்மா முன்னால நின்னு உறுதியா தெரியும்னு சொல்லிருக்க மாட்டேன்."

அவள் கூடத்துக்குள் போனாள். மேசையிலிருந்த ட்ரோனை மல்லாத்தி, பஞ்சை நனைத்து, ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் துடைத்தாள். அமீன் கறிபஃபும் கையுமாக வந்து, "என்ன பண்றீங்க வைதேகி?" என்றார். அவள் கடைசி இறக்கையையும் துடைத்து முடித்தாள். இறக்கை காயும்வரை காத்திருந்துவிட்டு, "தயவுசெய்து எல்லாரும் இன்னொரு தடவை பாருங்கள்," என்றாள் ஆங்கிலத்தில்.

முப்பத்தெட்டாவது விநாடியில் இறக்கை நுனிகள் உதறின. நாற்பதில் அது வளையத்துக்குள் தலைகுப்புற விழுந்தது. வலது பின் இறக்கை ஒடிந்து தனியே கிடந்தது.

அமீன் கறிபஃபைத் தட்டில் வைத்தார்.

"நான் சற்றுமுன் சொன்ன காரணம் தவறு," என்றாள் வைதேகி. "நடுக்கத்தை நிறுத்தியது நரம்பு இல்லை. அது என்ன என்பதை என் கணவர் சொல்வார்."

கடவுளே என்று நினைத்துக்கொண்டே பிரபாகர் முன்னால் போனான். லிஃப்ட் கம்பெனிச் சட்டை, முதுகெல்லாம் வியர்வை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பூஜையைச் சொன்னான், சந்தனத்தைச் சொன்னான், ஒடிந்த இறக்கையை எடுத்துப் பொட்டு வைத்த இடத்தைக் காட்டினான். ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். நரைமுடி அம்மையார் சிரிக்கவில்லை. இறக்கையை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"சந்தனம் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?" என்று வைதேகியைக் கேட்டார்.

"முடியும் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது."

"திங்கட்கிழமை காலை வருகிறேன். அன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்."

அவர்கள் போனதும் அமீன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பேசாம இருந்திருந்தா இன்னிக்கே கையெழுத்து ஆயிருக்கும், வைதேகி. இப்ப நாலு நாள்ல நாலு பேர் வேலை தொங்குது."

"தெரியும் சார்."

அமீன் எழுந்து போய்விட்டார். வைதேகி ஒடிந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தாள். பிரபாகர் பக்கத்தில் போய் நின்றான்.

"புது இறக்கை ஒட்டணும்ல? இங்க ஏர்கான் இப்பதான் ரிப்பேர் பண்ணிருக்காங்க, மறுபடி நின்னுட்டா? வீட்டுக்குக் கொண்டு வா. நான் அந்த ரூம் பக்கமே வர மாட்டேன். அக்காவையும் வர வேணாம்னு சொல்லிடறேன்."

"வேணாம் பிரபா."

"கோவமா?"

"கோவம் இல்ல. நீ எனக்காகத்தான் வச்ச, தெரியும். வந்து சொன்ன பாரு, அதுவும் பெரிசுதான்." அவள் பெட்டியின் கொக்கிகளை மாட்டினாள். "ஆனா இனிமே நான் வீட்டுக்கு எதையும் கொண்டு வர மாட்டேன்."

திட்டியிருந்தால் சமாதானம் செய்ய அவனுக்குத் தெரியும். பதினாறு வருடப் பழக்கம் அது. அவள் திட்டவில்லை.

வைதேகி பெட்டியைக் கூடத்து அலமாரிக்குள் வைத்தாள். கதவைச் சாத்தினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.